"காலையிலேயே குடிச்சிட்டாங்களா?": ஆதி கிறிஸ்தவத்தின் ஆன்மிக அனுபவங்களும், அதைச் சந்தேகப்பட்டவர்களும் | முழு விளக்கம்

"எனக்குக் கடவுள் காட்சி கொடுத்தார்" என்று ஒருவர் வந்து சொன்னால், கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிலர் உடனே கைகூப்புவார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். "ஆளுக்கு மனசு சரியில்லையோ" என்று கவலைப்படுபவர்களும் உண்டு. "இதுல இவருக்கு என்ன லாபம்?" என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு.

இந்த நாலு விதமான பேச்சும் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது. கிறிஸ்தவம் தொடங்கிய முதல் நாலு நூற்றாண்டுகளில் தரிசனம், அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் என்று பேசியவர்களை ரோமானிய அதிகாரிகள் கேள்வி கேட்டார்கள். கிரேக்கத் தத்துவவாதிகள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதைவிட முக்கியமான விஷயம், சபைக்குள் இருந்தவர்களே கேள்வி கேட்டார்கள்.

யார் யார் சந்தேகப்பட்டார்கள்? என்ன காரணம் சொன்னார்கள்? உண்மையா, போலியா என்று எப்படிப் பிரித்துப் பார்த்தார்கள்? அந்தச் சோதனையில் யார் பாதிக்கப்பட்டார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் நாளே கேலி

பைபிளின் புதிய ஏற்பாட்டில் உள்ள அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல், கி.பி. 80 முதல் 90 வாக்கில் எழுதப்பட்டதாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெந்தெகொஸ்தே திருநாளன்று ஜெருசலேமில் நடந்ததாக அது ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. இயேசுவின் சீடர்கள் பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டு, தங்களுக்குத் தெரியாத மொழிகளில் பேசத் தொடங்கினார்கள் என்பது அந்தச் சம்பவம்.

கூடியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் ஆச்சரியப்பட்டார்கள். இன்னொரு பகுதியினர் சொன்னது வேறு: இவர்கள் மது குடித்துவிட்டு உளறுகிறார்கள்.

பேதுரு எழுந்து நின்று இதற்குப் பதில் சொல்கிறார். அவருடைய முதல் வாதம் இறையியல் இல்லை, கடிகாரம். பகலின் மூன்றாம் மணி நேரம்தான் ஆகிறது, அதாவது காலை 9 மணி, இந்த நேரத்தில் யார் குடிப்பார்கள் என்கிறார். வேதவசனம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்தக் கேலியை எழுதி வைத்தது எதிரிகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்பியவர்களே அதைத் தங்கள் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள்.

சொந்த ஆட்களே நம்பலையா?

ஆமாம். லூக்கா நற்செய்தியின்படி, இயேசுவின் கல்லறை காலியாக இருந்ததை முதலில் வந்து சொன்னவர்கள் பெண்கள். மகதலேனா மரியாள், யோவன்னாள், யாக்கோபின் தாய் மரியாள் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அப்போஸ்தலர்கள் அதைக் கேட்டு, வெறும் பிதற்றல் என்றே நினைத்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.

யோவான் நற்செய்தியில் வரும் தோமாவின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூட இருந்த சீடர்கள் அத்தனை பேரும் சொல்லியும், ஆணி பாய்ந்த காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றவர் அவர். இந்தத் தோமா பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்தார் என்பது மரபு நம்பிக்கை. சென்னை சாந்தோம் பகுதிக்கு அந்தப் பெயர் வந்ததும் அவரால்தான்.

மத்தேயு நற்செய்தி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. கலிலேயா மலையில் உயிர்த்த இயேசுவை நேரில் கண்டபோதும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்கிறது. உடலைச் சீடர்களே இரவோடு இரவாகத் தூக்கிச் சென்றுவிட்டார்கள் என்ற பேச்சு ஊரில் பரவியதையும் அது மறைக்கவில்லை.

இன்னொரு விவரமும் உண்டு. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், உயிர்த்த இயேசுவைக் கண்டவர்கள் யார் யார் என்று பவுல் பட்டியல் தருகிறார். பேதுரு, பன்னிருவர், 500-க்கும் மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு, கடைசியில் தான் என்று அது நீள்கிறது. கல்லறைக்கு முதலில் போன பெண்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. யாருடைய சாட்சி எடுபடும், யாருடையது எடுபடாது என்ற பிரச்னை அப்போதே தொடங்கிவிட்டது.

"படிப்பு முத்திப் போச்சு": ரோமானிய ஆளுநர்

கி.பி. 60 வாக்கில் செசரியா நகரில் கைதியாக நிற்கிறார் பவுல். எதிரே ரோமானிய ஆளுநர் பெஸ்து, பக்கத்தில் அகிரிப்பா மன்னர். தமஸ்கு சாலையில் தனக்குக் கிடைத்த தரிசனத்தை பவுல் விவரிக்கிறார். பாதியில் பெஸ்து குறுக்கிட்டு, உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அதிகம் படித்ததால் வந்த வினை இது என்று சத்தம் போடுகிறார்.

ஜெருசலேம் கூட்டத்துக்கு அது குடிபோதை. ரோமானிய அதிகாரிக்கு அது மனநோய். இந்த இரண்டு விளக்கங்களும் அடுத்த பல நூற்றாண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தன.

செல்சஸ் யார்? அவர் கேட்ட கேள்விகள் என்ன?

கி.பி. 170களின் கடைசியில் செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி 'மெய்யான உரை' என்ற நூலை எழுதினார். கிறிஸ்தவத்துக்கு எதிராக எழுதப்பட்டு, விரிவாக நமக்குத் தெரியவரும் முதல் நூல் இதுதான். அந்த நூல் இன்று தனியாகக் கிடைக்கவில்லை. சுமார் 70 ஆண்டுகள் கழித்து, அதாவது கி.பி. 248 வாக்கில், ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் 8 பகுதிகள் கொண்ட மறுப்பு நூல் எழுதினார். செல்சஸின் வாதங்களை வரிக்கு வரி எடுத்துக்காட்டி அவர் பதில் சொன்னதால்தான் செல்சஸ் என்ன சொன்னார் என்பதே இன்று தெரிகிறது.

செல்சஸின் கேள்விகள் இவை:

- உயிர்த்தெழுந்ததைப் பார்த்தது யார்? உணர்ச்சிவசப்பட்ட ஒரு பெண்ணும், இன்னும் ஓரிருவரும்தானே?
- அது கனவாக இருக்கலாம். ஆசைப்பட்டதையே கண்ணில் கண்ட மயக்கமாகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படி நடந்திருக்கிறதே?
- இல்லையென்றால், மற்றவர்களை அசத்துவதற்காகக் கட்டிய கதையாக இருக்கலாம் அல்லவா?
- உண்மையிலேயே உயிர்த்திருந்தால், தண்டனை கொடுத்தவர்கள் முன்னால் போய் நின்றிருக்கலாமே?

பினீசியா, பாலஸ்தீனப் பகுதிகளில் ஊர் ஊராகத் திரியும் தீர்க்கதரிசிகளைப் பற்றியும் அவர் எழுதினார். தங்களைக் கடவுள் என்றோ கடவுளின் மகன் என்றோ சொல்லிக்கொள்வார்கள், உலகம் அழியப்போகிறது என்று மிரட்டுவார்கள், கடைசியில் யாருக்கும் புரியாத சொற்களை அள்ளி வீசுவார்கள் என்பது அவர் வர்ணனை. அவர்களில் சிலரைத் தானே விசாரித்ததாகவும், எல்லாம் இட்டுக்கட்டியது என்று அவர்கள் ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார்.

ஒரிகன் என்ன பதில் சொன்னார்?

ஒரிகனின் பதிலும் லேசானதாக இல்லை. இரவில் கண்டதாகச் சொல்லியிருந்தால் கனவு என்ற விளக்கத்துக்கு இடமுண்டு, பட்டப்பகலில் புத்தி தெளிவாக உள்ளவர்கள் கண்டதை அப்படித் தள்ள முடியாது என்றார். கட்டுக்கதைக்காகச் சீடர்கள் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்டார். "தீர்க்கதரிசிகளை விசாரித்தேன்" என்கிறாரே, அவர்கள் பெயர் என்ன? பெயரைச் சொல்லியிருந்தால் மற்றவர்களும் சரிபார்த்திருக்கலாமே என்று மடக்கினார்.

ஒரு விஷயத்தை இங்கே மறக்கக் கூடாது. செல்சஸ் நாத்திகர் கிடையாது. மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியஸ் காட்சி தந்து நோய் தீர்ப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அன்றைய ரோமானிய உலகில் கடவுள் கனவில் வருவது சாதாரண விஷயம். "காட்சி என்பதே கிடையாது" என்று யாரும் வாதாடவில்லை. "உங்கள் காட்சியை நான் ஏன் நம்ப வேண்டும்?" என்பதுதான் சண்டை.

தான் கிளப்பிவிட்ட கதை தன்னிடமே திரும்பி வந்தது

அதே காலத்தில் லூசியன் என்ற நையாண்டி எழுத்தாளர் இருந்தார். யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த சமோசட்டா நகரத்துக்காரர். பெரெக்ரினஸ் என்ற தத்துவவாதியைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார்.

பெரெக்ரினஸ் ஒரு காலத்தில் கிறிஸ்தவராக இருந்தவர். சிறையில் அடைக்கப்பட்டபோது, விடிந்ததும் வயதான விதவைகளும் அனாதைக் குழந்தைகளும் சிறை வாசலில் வந்து காத்திருந்தார்கள் என்கிறார் லூசியன். வெளியூர்ச் சபைகளில் இருந்தெல்லாம் உதவி குவிந்ததாம். விவரம் தெரிந்த ஒரு ஏமாற்றுக்காரன் இந்த வெள்ளந்தி மனிதர்களிடம் போனால் சீக்கிரமே பணக்காரன் ஆகிவிடலாம் என்பது அவர் கிண்டல்.

பிறகு கிறிஸ்தவர்களை விட்டு விலகிய பெரெக்ரினஸ், கி.பி. 165-ல் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த சமயத்தில், கூட்டத்துக்கு முன்னால் தீயில் குதித்து இறந்தார். லூசியன் அதை நேரில் பார்த்தார். திரும்பி வரும் வழியில் "என்ன நடந்தது?" என்று ஆவலாகக் கேட்ட சிலரிடம், தீயிலிருந்து ஒரு கழுகு வானத்துக்குப் பறந்தது என்று வேண்டுமென்றே அளந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நரைத்த தலையுடன் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை ஆடையில் பெரெக்ரினஸ் நடமாடுவதைக் கண்டதாகவும், அந்தக் கழுகு பறந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

லூசியன் எழுதியது கேலி நூல் என்பதால் எல்லாவற்றையும் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு வதந்தி எத்தனை வேகமாக 'கண்ணால் கண்ட சாட்சி' ஆகிறது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

அதே லூசியன் சொல்லும் இன்னொரு கதையில் நிலைமை தலைகீழ். கருங்கடல் கரையில் அபோனோடெய்கஸ் என்ற ஊரில் அலெக்சாண்டர் என்பவர், மனிதத் தலை வைத்த பாம்புக் கடவுளைக் காட்டிக் குறிசொல்லிச் சம்பாதித்தார். அவருடைய விழாவில் முதல் அறிவிப்பே, நாத்திகர்களும் எபிகூரிய தத்துவவாதிகளும் கிறிஸ்தவர்களும் வெளியே போக வேண்டும் என்பதுதான். அதாவது அடுத்தவர்களின் அற்புதம் என்று வந்தபோது, கிறிஸ்தவர்களும் 'நம்பாத கூட்டம்' பட்டியலில்தான் இருந்தார்கள்.

சபைக்குள் என்ன நடந்தது? பவுல் போட்ட விதிகள்

வெளியே கேட்ட கேள்விகளை விடக் கடினமான கேள்விகள் உள்ளேதான் எழுந்தன. கி.பி. 53 முதல் 55-க்குள் பவுல் கொரிந்து சபைக்கு முதல் கடிதத்தை எழுதினார். அங்கே ஆராதனையில் பலர் ஒரே நேரத்தில் அந்நியபாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பவுல் அந்நியபாஷையை மறுக்கவில்லை. தானும் பேசுவதாகவே சொல்கிறார். ஆனால் வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் என்று சொல்லமாட்டாரா என்று கேட்கிறார். பெஸ்து பிற்பாடு சொல்லப்போகும் அதே வார்த்தை!

அதனால் அவர் விதி போட்டார். அதிகபட்சம் 2 அல்லது 3 பேர் பேசலாம். ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும். அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் அமைதியாக இருக்க வேண்டும். தீர்க்கதரிசனம் சொன்னாலும் 2, 3 பேர்தான், மற்றவர்கள் அதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். புரியாத 10,000 வார்த்தைகளைவிடப் புரியும் 5 வார்த்தைகள் மேல் என்பது அவர் கட்சி.

தன் அனுபவத்துக்கும் அவர் இதே அளவுகோலைத்தான் வைத்தார். மூன்றாம் வானம் வரை எடுத்துச் செல்லப்பட்டதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் சொல்கிறார். அது நடந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. உடலோடு போனேனா, உடல் இல்லாமல் போனேனா என்று தெரியாது என்கிறார். அதை வைத்து என்னை உயர்வாக நினைக்காதீர்கள், என்னிடம் நேரில் காண்பதையும் கேட்பதையும் வைத்து முடிவுசெய்யுங்கள் என்ற பொருளில் நிறுத்திக்கொள்கிறார்.

"காசு கேட்டா போலி": டிடாகே சொன்ன சோதனை

1873-ல் கிரேக்கச் சபைத் தலைவர் பிலோதியோஸ் பிரையென்னியோஸ், கான்ஸ்டான்டினோபிளில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். 1056-ல் எழுதி முடிக்கப்பட்ட பிரதி அது. அதற்குள் 'டிடாகே' என்ற சிறு நூல் இருந்தது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட சபை வழிகாட்டி அது. 1883-ல் அச்சில் வந்தது.

அந்தக் காலத்தில் தீர்க்கதரிசிகள் ஊர் ஊராக நடந்து வருவார்கள். சாப்பாடும் தங்க இடமும் கொடுக்க வேண்டியது அந்தந்த ஊர்க்காரர்கள். பெரும்பாலும் அவர்களே கஷ்டப்படுகிறவர்கள். வந்தவர் உண்மையானவரா என்பது அவர்களுக்கு வெறும் தத்துவக் கேள்வி இல்லை, வீட்டுச் சாப்பாட்டுப் பிரச்னை.

டிடாகே கொடுக்கும் சோதனைகள் ரொம்ப எளிமை:

- வந்தவர் ஒரு நாள் தங்கலாம். தேவைப்பட்டால் 2 நாள். மூன்றாம் நாளும் தங்கினால் போலி.
- கிளம்பும்போது வழிக்கு ரொட்டி கொடுக்கலாம். காசு கேட்டால் போலி.
- ஆவியில் பேசும்போது "விருந்து வையுங்கள்" என்று சொல்லி, அதைத் தானே சாப்பிட்டால் போலி.
- மற்றவர்களுக்குப் போதிப்பதைத் தான் செய்யவில்லை என்றால் போலி.
- சாதாரணப் பயணி யாராவது ஊரிலேயே தங்க விரும்பினால் உழைத்துச் சாப்பிட வேண்டும்.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. தீர்க்கதரிசி ஆவியில் பேசிக்கொண்டிருக்கும்போது அவரைச் சோதிக்கக் கூடாது, அது மன்னிக்க முடியாத பாவம் என்று இதே நூல் எச்சரிக்கிறது. அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது? நடத்தையை வைத்துத்தான். பேச்சைத் தொடாதே, வாழ்க்கையைப் பார் என்பது அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி.

இரண்டாம் நூற்றாண்டு ரோமில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' என்ற நூலும் இதையே சொல்கிறது. போலித் தீர்க்கதரிசி தனி இடத்தில் உட்கார்ந்துகொண்டு, காசு வாங்கிக்கொண்டு, கேட்பவர் விரும்புவதையே சொல்வான். நல்லவர்கள் கூடியிருக்கும் சபைக்கு வந்தால் வாய் அடைத்துவிடும் என்கிறது அந்த நூல்.

மாக்சிமில்லா: சோதனை யார் கையில்?

இந்த வழிமுறை எல்லாம் பெரிய அளவில் பரீட்சைக்கு வந்தது ஃபிரிஜியாவில். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி அது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மொன்டானஸ் என்பவரும், பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற இரண்டு பெண்களும் பரவச நிலையில் தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கினார்கள். பெப்பூசா, டிமியோன் என்ற இரண்டு சிற்றூர்களையும் ஜெருசலேம் என்று அழைத்தார்கள். கூட்டம் திரண்டது.

எதிர்ப்பும் உடனே வந்தது. திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ், அன்றைய எதிர்ப்பாளர்களின் எழுத்துகளைத் தன் நூலில் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் மூன்று வகையான வாதங்கள் தெரிகின்றன.

முதலாவது, பேசும் விதம். உண்மையான தீர்க்கதரிசி சுயநினைவை இழக்க மாட்டார் என்று மில்தியாதெஸ் என்பவர் தனி நூலே எழுதினார்.

இரண்டாவது, நடத்தை. அப்போலோனியஸ் என்பவர் கேட்ட கேள்விகள் இன்றும் சுவாரசியமானவை. தீர்க்கதரிசி தலைக்குச் சாயம் பூசுவாரா? கண்ணுக்கு மை தீட்டுவாரா? சூதாடுவாரா? வட்டிக்கு விடுவாரா?

மூன்றாவது, பலித்ததா இல்லையா. போர்களும் கலவரங்களும் வரும் என்று மாக்சிமில்லா சொல்லியிருந்தார். அவர் இறந்து 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, எந்தப் போரும் வரவில்லையே என்று பெயர் தெரியாத ஓர் எழுத்தாளர் கணக்குக் காட்டினார்.

சோதிக்க ஆயர்களே நேரில் போனார்கள். சோட்டிகஸ், ஜூலியன் என்ற இருவர் மாக்சிமில்லாவுக்குள் பேசும் ஆவியை விசாரித்து அடக்க முயன்றார்கள். தெமிசோ என்பவரின் ஆட்கள் அதைத் தடுத்துவிட்டார்கள். மந்தையிலிருந்து ஓநாயை விரட்டுவது போல என்னை விரட்டுகிறார்கள், நான் ஓநாய் இல்லை என்ற பொருளில் மாக்சிமில்லா வேதனைப்பட்டது எதிரிகளின் எழுத்து வழியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கேதான் விஷயம் மாறுகிறது. டிடாகே காலத்தில் சோதித்தவர்கள் சோறு போட்ட ஊர்க்காரர்கள். ஃபிரிஜியாவில் சோதித்தவர்கள் பதவியில் இருந்த ஆயர்கள். ஏமாறாமல் இருக்க உருவான கேள்விகள், 'யார் பேசலாம்' என்பதை முடிவு செய்யும் கருவியாகவும் மாறின.

ஒரே ஊரில் ஏற்பும் மறுப்பும்

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கி.பி. 203-ல் கொல்லப்பட்டவர் பெர்பெத்துவா. வயது சுமார் 22, கைக்குழந்தையின் தாய். சிறையில் கண்ட காட்சிகளை அவரே எழுதியதாக ஒரு குறிப்பு நம்மிடம் உள்ளது. அந்தக் காட்சிகளைத் திருச்சபை மதித்துப் பாதுகாத்தது. மாக்சிமில்லாவுக்குக் கிடைக்காத ஏற்பு, நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த பெர்பெத்துவாவுக்குக் கிடைத்தது.

அதே ஊர்க்காரரான தெர்த்துல்லியன், பிற்காலத்தில் மொன்டானஸ் இயக்கத்தின் பக்கம் சாய்ந்தவர். ஞாயிறு ஆராதனையின்போது காட்சி காணும் ஒரு சகோதரியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் கண்டதைச் சொல்வார், அது கவனமாக ஆராயப்படும் என்கிறார். பரவசத்தை ஆதரித்தவர்களும் பரிசோதனையைக் கைவிடவில்லை என்பது இதில் தெரிகிறது.

சுமார் 50 ஆண்டுகள் கழித்து அதே கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன், தனக்குக் கிடைத்த கனவுகளையும் காட்சிகளையும் சொல்லி முடிவுகளை எடுத்தார். சிலருக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என ஒரு கடிதத்தில் அவரே எழுதுகிறார். ஆயருக்கும் கேலியில் விலக்குக் கிடைக்கவில்லை.

பாலைவனத் துறவிகளின் பதில்

நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் துறவிகள் பெருகினார்கள். தனிமை, பட்டினி, தூக்கமின்மை. காட்சிகளுக்குக் குறைவில்லை. அங்கே பெரியவர்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடம், உன் காட்சியை நீயே சந்தேகப்படு என்பதுதான்.

கி.பி. 420 வாக்கில் பலாடியஸ் எழுதிய நூலில் வாலன்ஸ் என்ற துறவியின் கதை வருகிறது. ஆயிரம் தேவதூதர்கள் விளக்கேந்தி நிற்க, கிறிஸ்துவே வந்ததாக அவர் ஒரு காட்சி கண்டு வணங்கினார். மறுநாள் கோயிலுக்குப் போய், நான் கிறிஸ்துவையே பார்த்துவிட்டேன், எனக்கு நற்கருணை தேவையில்லை என்று அறிவித்தார். மூத்த துறவிகள் அவரைச் சங்கிலியில் கட்டி, ஒரு வருடம் வைத்திருந்து சரிப்படுத்தினார்கள் என்கிறார் பலாடியஸ்.

இன்னொரு துறவியின் முன்னால் கபிரியேல் தூதர் வடிவத்தில் ஒரு உருவம் வந்ததாம். அவர் பதற்றப்படவில்லை. வேறு யாரிடமோ அனுப்பப்பட்டு வழிதவறி வந்திருப்பீர்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்றாராம். உருவம் மறைந்துவிட்டது.

அகஸ்டின்: சந்தேகத்திலிருந்து ஆவணத்துக்கு

ஹிப்போ நகரின் ஆயர் அகஸ்டின், தொடக்க காலத்தில் அப்போஸ்தலர் கால அற்புதங்கள் தன் காலம் வரை தொடரவில்லை என்று எழுதியவர். பிற்காலத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் வெறும் வாய்ப்பேச்சை ஏற்கவில்லை. குணமானவர்கள் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், அதைச் சபையில் வாசிக்க வேண்டும் என்றார். 2 ஆண்டுகளுக்குள் தன் ஊரில் மட்டும் கிட்டத்தட்ட 70 பதிவுகள் சேர்ந்ததாக 'கடவுளின் நகரம்' நூலில் சொல்கிறார்.

அவருடைய தாய் மோனிக்காவும் காட்சிகள் கண்டவர்தான். மகனின் திருமணம் பற்றிக் கடவுளிடம் கேட்டு, ஏதேதோ கண்டார். அதை மகனிடம் சொல்லும்போதே, இது என் மனசு காட்டியது என்றுதான் தோன்றுகிறது என்ற விதமாகச் சொன்னாராம். கடவுள் காட்டுவதற்கும் தன் மனம் காட்டுவதற்கும் ஒரு ருசி வித்தியாசம் உண்டு, அதை வார்த்தையில் சொல்ல முடியாது என்பார் மோனிக்கா. தன் ஆசையே தனக்குக் காட்சியாக வரலாம் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது.

எரிக்கப்பட்ட மறுபக்கம்

இந்த விவாதத்தில் ஒரு பக்கத்தின் குரல்தான் நமக்கு அதிகம் கேட்கிறது. செல்சஸின் நூல் ஒரிகனின் மறுப்புக்குள் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கிறிஸ்தவத்தை விமர்சித்த இன்னொரு தத்துவவாதி போர்ஃபிரியின் நூலை எரிக்கும்படி கி.பி. 448-ல் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் உத்தரவு வந்தது.

மொன்டானஸ் இயக்கத்தினர் எழுதியவையும் இன்று தனி நூல்களாக இல்லை. பரவச நிலையை ஆதரித்துத் தெர்த்துல்லியன் எழுதிய நூலும் கிடைக்கவில்லை. கி.பி. 550 வாக்கில் எபேசு நகர யோவான் என்ற ஆயர், பெப்பூசாவில் இருந்த மொன்டானஸின் எலும்புகளை எரித்தார். அந்த ஊர் எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது. 2000-ல்தான் துருக்கியின் உஷாக் மாகாணத்தில் அதன் இடத்தை அடையாளம் கண்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

சுருக்கமாக

ஆதி கிறிஸ்தவர்கள் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் கூட்டம் என்று லூசியன் போன்றவர்கள் நினைத்தார்கள். ஆனால் அவர்களுடைய சொந்த எழுத்துகள் முழுக்கச் சந்தேகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கேட்கப்பட்ட கேள்விகளைத் தொகுத்தால் இப்படி வரும்:

- சொல்வது மற்றவர்களுக்குப் புரிகிறதா? (பவுல்)
- இதில் அவருக்குக் காசோ சாப்பாடோ கிடைக்கிறதா? (டிடாகே)
- தனியாக ஒன்று, கூட்டத்தில் ஒன்று பேசுகிறாரா? (ஹெர்மாஸ்)
- சொன்னது நடந்ததா? (மொன்டானஸ் இயக்கத்தின் எதிர்ப்பாளர்கள்)
- எழுத்தில், பெயரோடு சாட்சி உண்டா? (ஒரிகன், அகஸ்டின்)
- காட்சி கண்ட பிறகு ஆள் பணிவானாரா, தலைக்கனம் ஏறியதா? (பாலைவனத் துறவிகள்)

ஒருவர் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் அவர்கள் வெளியே தெரியும் வாழ்க்கையைப் பார்த்தார்கள். ஏழை ஊர்க்காரர்களை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றியது அந்தக் கேள்விகள்தான். மாக்சிமில்லாவைச் சபைக்கு வெளியே நிறுத்தியதும் அதே கேள்விகள்தான். கேள்விகள் இன்றும் பழசாகவில்லை. அதைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.